மதகடியில் பின்னேரச் செய்தி

இரண்டாயிரமாம் ஆண்டு ஆவணி மாதம் நான் வன்னியில் எங்கள் ஊரான வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தபோது என்னிடம் ஒரு கதவு இருந்தது, வீடு இருக்கவில்லை. சண்டை வேறு பக்கம் போய்விட்டது, சனம் தங்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்பலாம் என்றார்கள். நானும் வந்தேன். முன்சுவர் இடுப்பளவுக்கு நின்றது, மற்றதெல்லாம் கல்லும் மண்ணும். ஓடு ஒன்றுகூட இல்லை. கிணற்றுக்குள் ஒரு தென்னை முறிந்து கிடந்தது. கொண்டுவந்த கதவை எங்கே வைப்பதென்று தெரியாமல் மாமரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே தறப்பாளை இழுத்துக் கட்டி ஒரு கொட்டில் போட்டேன். கொட்டில் வாசலுக்கு உரச்சாக்குத்தான் மறைப்பு.

தெருவால் போகிறவர்களுக்கு அது நல்ல பகிடியாய்ப் போயிற்று. சைக்கிளை நிறுத்தி, மாமரத்தைக் காட்டி, "அம்மா, தட்டிப்போட்டே உள்ளுக்கு வரவேணும்?" என்று கேட்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். எனக்கு அந்தக் காலத்தில் எவரோடும் சிரிப்பு வருவதில்லை.

அது சாதாரணக் கதவு இல்லை. தேக்கு. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த புதிதில், மண்வீட்டில் இருந்துகொண்டே என் கணவர் செய்வித்தது. முதலில் கதவு, பிறகுதான் கல்வீடு. ஊரில் இருந்து சொந்தக்காரர் வந்தால் கதவைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார்கள். அவர் தொண்ணூற்று மூன்றில் நெஞ்சுவலியில் போய்விட்டார். மகள் யாழ்ப்பாணத்தில் கல்யாணம் முடித்து அங்கேயே இருந்துவிட்டாள். எனக்கென்று மிஞ்சியது வயலும் கதவும் என் வாயும்தான். வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள், பொய்யில்லை.

இடம்பெயர்வதற்கு முன் எங்கள் வாய்க்கால் வரிசையில் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தன. நான் திரும்பி வந்தபோது இரண்டு வீட்டில்தான் புகை எழும்பியது. ஒன்று என்னுடையது. மற்றது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த அவளுடையது.

அவள் மலையகத்துக்காரி. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு, புருஷனும் அவளுமாக வன்னிக்கு வந்தவர்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் எங்கள் வயலில்தான் வேலை. எந்த வரம்பில் நண்டு துளைக்கும், எந்தப் பாத்திக்குத் தண்ணீர் ஏறாது என்பதெல்லாம் என் கணவரைவிட அவள் புருஷனுக்குத்தான் நன்றாகத் தெரியும். நல்ல மனிதன், அதிகம் பேசமாட்டான். அவர்களுக்குச் சாப்பாடும் தேத்தண்ணீரும் குறைவில்லாமல் கொடுத்தோம். ஆனால் எல்லாம் பின்பக்கம், குசினி வாசலில். அந்தத் தேக்கங்கதவால் அவர்கள் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. வா என்று நாங்கள் சொன்னதுமில்லை. அதில் ஒரு பிழை இருப்பதாக அப்போது எனக்குப் படவே இல்லை, அதுதான் வெட்கம்.

தொண்ணூற்றாறு ஆடியில் ஷெல் எங்கள் பக்கமும் விழத் தொடங்கியது. சோளகக் காற்று மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு காலை, எனக்கு எப்படியோ ஒரு மாட்டுவண்டில் கிடைத்தது. ஏற்றுவதற்கு ஆள் வேண்டும். வழக்கம்போல வாய்க்கால்கரையில் நின்று அவளைக் கூப்பிட்டேன். தன் வீட்டில் கட்ட வேண்டிய மூட்டையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். நெல் மூட்டைகள், தையல் மெஷின், ஒரு சின்ன அலுமாரி எல்லாம் ஏறின. கடைசியாகக் கதவைக் கழற்றினோம். ஒரு தலைப்பை நானும் மறு தலைப்பை அவளுமாகத் தூக்கி வண்டில் பெட்டியின் மேல் குறுக்காகப் போட்டோம். ஆடாமல் இருக்கக் கயிறும் போட்டாயிற்று.

பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"அம்மா, அவருக்குக் காச்சல் கூடிப்போச்சு. எந்திரிக்க முடியல. வண்டி ஓரத்துல கொஞ்சம் எடம் குடுத்தீங்கன்னா படுக்க வச்சிருவேன்."

நான் வண்டிலைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். "இடமெங்கை பிள்ளை இருக்கு? விசுவமடுவில சாமானை இறக்கிப்போட்டு வண்டில் திரும்பி வரும். அடுத்த நடையில ஏத்திவிடுறன்."

"சரிங்கம்மா" என்றாள்.

வண்டில் திரும்பிப் போகவில்லை. வண்டில்காரன் மாட்டை அவிழ்த்துவிட்டு, இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது, தெருவில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அவள் சைக்கிள் கரியரில் ஒரு பலகையைக் கட்டி, அதில் புருஷனை இருத்தி, சைக்கிளோடு சேர்த்துத் துணியால் கட்டி இரண்டு நாள் வெயிலில் உருட்டிப் போயிருக்கிறாள். ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்து ஒன்பதாம் நாள் அவன் செத்துப்போனான்.

காய்ச்சல் எப்படியும் கொண்டுபோயிருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. அந்த வருடம் மலேரியாவில் போனவர்கள் அநேகம். இருக்கலாம். வண்டிலில் படுத்து வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்கும் தெரியாது, எவருக்கும் தெரியாது. நான் செத்தவீட்டுக்குப் போனேன். அவள் எழும்பவுமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. அங்கே இருந்தவர்களிடம் நான், "வண்டிலில இடமிருக்கேல்லை" என்றேன். எவரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு நாலு வருடமும் யாராவது அவன் பேச்சை எடுத்தால் அதையே சொன்னேன். விசுவமடுக் கொட்டிலில் அந்தக் கதவை நாலு கல்லின் மேல் வைத்து அதில்தான் படுத்தேன். வேறு கட்டில் இருக்கவில்லை. நித்திரை வராத வேளைகளிலும் எனக்கு நானே அதையே சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வந்த பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. எட்டு அடி அகல வாய்க்கால்தான் நடுவில். அவள் அரிசி புடைப்பது எனக்குக் கேட்கும், நான் இருமுவது அவளுக்குக் கேட்கும். மழைக்கு முன் அவள் விறகை மூடுகிற சத்தம் கேட்டுத்தான் நானும் எழும்பிப் போய் என் விறகை மூடுவேன். ஆனால் ஒரு சொல் கிடையாது. நான் தனியாக இருந்தேன் என்று சொன்னால் போதாது. ஒரு நாள் நிவாரண அரிசி எடுக்கப் புறப்பட்டபோது மாமரத்தடியைப் பார்த்து, "சரி, நான் போட்டு வாறன்" என்று சொல்லியிருக்கிறேன். கதவிடம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றதைப் பிறகுதான் கண்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நாட்களில் சமாதானப் பேச்சுத்தான் எங்கும். நோர்வேக்காரர் வந்து போகிறார்கள், மூடிக் கிடக்கிற பாதை திறக்கப் போகிறது என்று ஆளுக்கொரு கதை. எனக்குப் பாதைதான் முக்கியம். மகளைக் கண்டு ஐந்து வருடத்துக்கு மேல். பேரப்பிள்ளையின் முதல் பல்லைக் கடிதத்தில்தான் கண்டேன், அந்தக் கடிதமும் கொழும்பைச் சுற்றி வந்து சேர்ந்தபோது பிள்ளைக்கு நாலைந்து பல் முளைத்திருக்கும். செய்தி கேட்க என்னிடம் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. ஆனால் பற்றரி தடை. அரசாங்கம் வன்னிக்குள் வரவிடாது. அதனால் எல்லோரும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை ரேடியோவில் கொழுவி, மிதியைக் கையால் சுற்றித்தான் செய்தி கேட்பார்கள். எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது, அதனால் சைக்கிளும் இல்லை. சந்தியில் ஆண்கள் கூடிக் கேட்கிற இடத்துக்கு இரண்டு நாள் போனேன். மரியாதையாக ஒரு பெட்டியைப் போட்டு இருத்தினார்கள். நான் இருக்கிறேன் என்று அவர்கள் தூஷணம் பேச முடியாமல் அவதிப்பட்டார்கள். அதைப் பார்த்து நானும் அவதிப்பட்டேன்.

அவளிடம் சைக்கிள் இருந்தது, ரேடியோ இல்லை. அவளுக்கும் செய்தி வேண்டும். அவளுடைய ஒரே மகன் வவுனியா அகதி முகாமில் அகப்பட்டிருந்தான், வன்னிக்குத் திரும்பிவரப் பாஸ் கிடைக்கவில்லை.

இதைக் கண்டுபிடித்தது கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். அரிசி நிறுக்கிறதைவிட ஊர்க்கதை நிறுக்கிறதில் அவருக்கு விருப்பம் கூட. "ரெண்டுபேரும் ஆளுக்கு அரைவாசியை வைச்சுக்கொண்டு ஏன் பேய்த்தனமா இருக்கிறியள்?" என்று ஏசிவிட்டுத் தானே தூது போனார். நான் சைக்கிளை என் கொட்டிலுக்குக் கொண்டுவரட்டும் என்றேன். அவள் ரேடியோவைத் தன் வீட்டுக்குக் கொண்டுவரட்டும் என்றாளாம். இரண்டு கிழமை அந்த மனிதர் வாய்க்காலைத் தாண்டித் தாண்டி நடந்தார். ஊர் அவருக்கு 'நோர்வே' என்று பட்டம் வைத்தது. கடைசியில் அவருக்கே அலுத்துப்போய், "இனி உங்கள் ரெண்டுபேருக்கும் வெளிநாட்டிலதான் இடம் பாக்கவேணும்" என்றார். பிறகு அவரே மதகடி என்று முடிவு செய்தார். வாய்க்காலுக்குக் குறுக்கே இருக்கிற சிறு சீமெந்துக் கட்டு அது. எவருடைய காணியும் இல்லை.

அவள் இரண்டு நிபந்தனை சொல்லி அனுப்பினாள். செய்தி முடிந்ததும் எழும்பிவிட வேண்டும். அம்மா பழைய கதை எடுக்கக் கூடாது. இரண்டாவதைக் கேட்டபோது எனக்குப் பெரிய ஆறுதல். தப்பினேன் என்றுதான் நினைத்தேன்.

பின்னேரம் வயல் வேலை முடிந்து கால் கழுவிவிட்டு வருவாள். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்துவாள். நான் வயரைக் கொழுவி, ரேடியோவை மடியில் வைத்துக் குமிழைத் திருகுவேன். அவள் சுற்றுவாள். வேகமாகச் சுற்றினால் செய்தி வாசிக்கிறவரின் குரல் நிமிரும், கை ஓய்ந்தால் குரலும் படுத்துவிடும். கொழும்பில் மந்திரிமார் சொன்னதெல்லாம் வந்தால் வேண்டுமென்றே மெதுவாக்குவாள். பாதை, பாஸ், வவுனியா என்று ஏதாவது காதில் விழுந்தால் சில்லு பறக்கும். முடிந்ததும் ஒரு சொல் பேசாமல் சைக்கிளை நிமிர்த்துவாள்.

நிமிர்த்தும்போதுதான் முதல்நாள் கண்டேன். கரியரில் அந்தப் பலகை இன்னும் இருந்தது. அதில் இப்போது உரமூட்டையும் புல்லுக்கட்டும் ஏற்றுகிறாள். அதே சைக்கிள். கை மாற்றிச் சுற்று என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. நான் சுற்றட்டுமா என்று நானும் கேட்கவில்லை. அந்தச் சைக்கிளைத் தொட எனக்குக் கை வரவில்லை.

தப்பினேன் என்று நினைத்தது கொஞ்ச நாளைக்குத்தான். ஒருவருக்கு எதிரே தினமும் கால்மணி நேரம் இருந்து பார்த்தால் தெரியும். அவள் நெற்றியில் வியர்வை இறங்கும், தோள்மூட்டு ஏறி இறங்கும், என் வாயில் ஒரு சொல் வந்து நிற்கும். எந்தச் சொல்லையும் சந்திக்கு இழுக்கிற இந்த வாய், அங்கே மட்டும் ஒட்டிக்கொண்டது. பேச்சுக்குத்தான் தடை, செயலுக்கு இல்லையே என்று ஒருநாள் புத்தி போயிற்று. திரும்பி வந்த அடுத்த வருடப் புரட்டாதியில் அவள் மண்ணால் வீடு எழுப்பிக்கொண்டிருந்தாள். வாசல் வெறுமையாய் இருந்தது. என்னிடம் வாசல் இல்லாத கதவு. மனேச்சரைக் கூப்பிட்டு, இரண்டு பேரைப் பிடித்துக் கதவை அவள் வீட்டில் சேர்க்கச் சொன்னேன். அன்று எனக்கு உண்மையாகவே சந்தோஷம். வயதுக்கேற்ற புத்தி வந்துவிட்டது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அரைமணி நேரத்தில் கதவு திரும்பி வந்தது. மனேச்சரின் முகம் செத்துப்போய் இருந்தது.

"என்னவாம்?"

"விடுங்கோ அம்மா."

"சொல்லும்."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவர விட்டுட்டு ஏத்துன கதவு, அதக் கொண்டாந்து எங்கிட்டயே குடுக்குறாங்களான்னு கேக்கிறா."

அதற்குப் பிறகு அவள் மதகடிக்கு வரவில்லை. ஒரு நாள் கோபம் என்று நினைத்தேன், கிழமையாயிற்று, மாதமாயிற்று. நான் மட்டும் பின்னேரத்தில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு போய் அந்தச் சீமெந்துக் கட்டின்மேல் இருப்பேன். சத்தமில்லாத ரேடியோ. வீட்டில் இருந்தால் என்ன, அங்கே இருந்தால் என்ன? ஆனாலும் போனேன். வாய்க்காலில் இரணைமடுத் தண்ணீர் ஓடும், கொக்கு இரண்டு நிற்கும். தெருவால் போகிறவர்கள்கூட அப்போது பகிடி விடவில்லை. எனக்கு மகள் இருந்தாள், பேரப்பிள்ளை இருந்தது, கடிதம் வந்தது. ஆனால் நான் செய்ததை அறிந்த ஒரே ஆள் அவள்தான். அவளும் பார்க்காமல் விட்டால் நான் எவருக்கும் தெரியாத ஆளாய்ச் சாவேன் என்று பயந்தேன். மதகில் இருந்து அழுதும் இருக்கிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

தொடர்ந்து மார்கழி வந்தது. தெற்கில் தேர்தல் முடிந்து ஆட்சி மாறிவிட்டது, ஏதோ பெரிய அறிவிப்பு வரப்போகிறது என்று சந்தியெல்லாம் பேச்சு. அன்று பின்னேரம் நான் மதகில் இருந்தபோது சைக்கிள் உருளுகிற சத்தம் கேட்டது. அவள்தான். என்னைப் பார்க்காமல் சைக்கிளைக் கவிழ்த்தாள்.

"செய்தி மட்டுந்தான்" என்றாள்.

வயரைக் கொழுவப் பார்த்தேன். மூன்றாம் தடவைதான் சரிவந்தது. அவள் சுற்றினாள், குரல் நிமிர்ந்தது. யுத்தநிறுத்தம். ஒரு மாதத்துக்கு. அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை நடக்கலாம். தூரத்தில் சந்திப் பக்கம் யாரோ விசிலடித்தார்கள், ஒரு வெடியும் கேட்டது, வழக்கமான வெடி இல்லை, திருநாளுக்குக் கொளுத்துகிற சீனவெடி. அவள் கை மெல்ல மெல்ல ஓய்ந்தது. குரல் இழுபட்டு நின்றுபோயிற்று.

"அப்ப பாதை தொறந்துருவாங்களா?"

ஐந்து வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"திறப்பினம் போலத்தான் கிடக்கு. உன்ரை மகன் வருவான், பிள்ளை."

"நீங்க யாழ்ப்பாணம் போயிருவீங்க."

"போய் மகளைப் பாக்கவேணும்."

"வண்டி புடிப்பீங்க."

"ஓம். பரந்தன் சந்தி மட்டுக்கும் வண்டில்தானே பிடிக்கவேணும்."

அவள் மிதியில் இருந்து கையை எடுக்காமல் என்னை நேரே பார்த்தாள். சத்தம் போடவில்லை, கோபமும் இல்லை. விலை விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"இந்தத் தடவ என்னம்மா ஏத்துவீங்க?"

பழைய கதை எடுக்கக் கூடாது என்றது அவள். எடுத்ததும் அவள். என் வாயில் அந்தப் பழைய வசனம்தான் முதலில் வந்தது. அவ்வளவு பழகிய வசனம். அதை விழுங்கினேன்.

"இடமிருந்தது, பிள்ளை" என்றேன். "கதவை இறக்கியிருந்தால் அவன் கால் நீட்டிப் படுக்க இடமிருந்தது. நான் பாத்தனான். பாத்துப்போட்டுத்தான் இல்லையெண்டு சொன்னனான்."

சொன்ன பிறகு, நிலம் பிளந்து என்னைக் கொண்டுபோகாதா என்றிருந்தது. அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"தெரியும்மா. அந்தக் கதவுக்குக் கயிறு கட்டுனது நாந்தானே."

நான் அதை மறந்திருந்தேன். ஐந்து வருடமாக எத்தனையோ பேரிடம் இடமில்லை என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு இடம் இருந்தது என்று கையால் அளந்தவள் அவள் என்பது என் நினைவில் வரவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. மழை தூறத் தொடங்கியது. இனி எழும்பிப் போய்விடுவாள் என்று இருந்தேன்.

அவள் எழும்பி, சைக்கிளின் மற்றப் பக்கமாகப் போய் இருந்துகொண்டு, ரேடியோவைத் தா என்று கையை நீட்டினாள்.

"மிச்சச் செய்தி இருக்குல்ல. எனக்குக் கை வலிக்குது. நீங்க சுத்துங்க."

நான் மிதியைப் பிடித்தேன். அவள் பிடித்திருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. எனக்குச் சுற்றிப் பழக்கமில்லை. முதலில் இழுபட்டது, பிறகு மெல்ல மெல்லக் குரல் எழும்பி வந்தது. அந்தக் குரல் என்ன சொன்னது என்று எனக்கு நினைவில்லை. என் முழங்கைக்கு முன்னால், கரியரில் இருந்த பலகை மழையில் நனைந்துகொண்டிருந்தது. கை ஓயாமல் சுற்றினேன்.